ஒரு தோலேடு காட்டும் குருத்து ஞாயிறு

குருத்து ஞாயிறன்று மந்திரித்த ஓலையைக் கையிலேந்திப் பவனி வருகிறோம் அல்லவா? அந்தப் பவனியின் தொடக்க நாட்களை நம் கண்முன் நிறுத்துவது ஒரேயொரு தோலேடு. புனித ஆசீர்வாதப்பர் நிறுவிய மோந்தே கசினோ மடத்தில் 11ஆம் நூற்றாண்டில் படியெடுக்கப்பட்ட அதனை, 1884ஆம் ஆண்டில் இத்தாலியின் அரெஸ்ஸோ நகரில் கமுரீனி என்னும் அறிஞர் கண்டெடுத்தார். முதலும் முடிவும் இல்லை. எழுதியவர் பெயரும் இல்லை.

எழுதியவர் ஒரு பெண்மணி! ஏறத்தாழ 381 முதல் 384 வரை திருநாடுகளில் பயணம் செய்து, கண்டவற்றையெல்லாம் ஊரிலிருந்த சகோதரிகளுக்கு இலத்தீனில் எழுதியிருக்கிறார். 7ஆம் நூற்றாண்டில் வலேரியு என்ற ஸ்பெயின் நாட்டுத் துறவி தம் கடிதத்தில் புகழ்ந்த பெண் இவரே என்று 1903இல் அறிஞர் பெரோத்தின் எடுத்துக்காட்டினார். எகேரியா என்று இன்று அவரை அழைக்கிறோம்.

அவர் கண்ட பவனியைப் பார்ப்போம். பிற்பகல் ஒரு மணியளவில் மக்கள் ஒலிவ மலை ஏறுகின்றனர். பாடலும் வாசகமுமாகப் பொழுது கழிகிறது. ஐந்து மணியளவில், சிறுவர்கள் கிளைகளோடு ஆண்டவரை எதிர்கொண்ட நற்செய்தி வாசிக்கப்பட்டதும், எல்லாரும் எழுந்து ஆயரை அழைத்துக்கொண்டு நகரை நோக்கி இறங்குகின்றனர். நடக்கத் தெரியாத குழந்தைகளும் பெற்றோர் தோளில் அமர்ந்து பேரீச்சை ஓலையோ ஒலிவக் கிளையோ பிடித்திருக்கின்றனர். சீமாட்டிகளும் கால்நடைதான். மக்கள் களைத்துவிடாதபடி மெல்ல மெல்ல நடப்பதால் கோயிலை அடைய நெடுநேரமாகிவிடுகிறது.

ஓலை மந்திரிக்கும் செபம் பற்றி எகேரியா ஒன்றும் சொல்லவில்லை. ஆனால், சுமார் 700ஆம் ஆண்டில் எழுதப்பட்டு இப்போது பாரிஸில் உள்ள பொப்பியோ திருப்பலிப் புத்தகத்தில் அச்செபம் இருக்கிறது. ஆண்டவர் நடந்த அதே மலைவழியில் நடந்தவர்களுக்குக் கையிலிருந்த கிளையே போதுமாயிருந்தது போலும். அந்த மலை இல்லாத ஊர்களில் ஓலைக்குத் தனிச் சிறப்பு வந்தது என்றே நமக்குத் தோன்றுகிறது.

பெரிய வெள்ளிக்கிழமையன்று நாம் சிலுவையை முத்தி செய்கிறோம். எருசலேமில் உண்மையான சிலுவை மரத்தையே ஆயர் இரு கைகளாலும் அழுத்திப் பிடித்திருக்க, மக்கள் ஒவ்வொருவராகக் குனிந்து, நெற்றியாலும் கண்களாலும் தொட்டு, முத்தி செய்தார்கள். கையால் தொட அனுமதியில்லை. சுற்றிலும் திருத்தொண்டர்கள் காவல் நின்றனர். ஏனெனில், முன்பு ஒருவன் முத்தி செய்யும்போதே ஒரு துண்டைக் கடித்து எடுத்துச் சென்றுவிட்டானாம்!

எருசலேம் பேராலயத்தின் நேர்ந்தளிப்பு விழாவை எகேரியா விவரித்துக்கொண்டிருக்கும்போதே ஏடு அறுந்துவிடுகிறது.