தோற்றமும் தகுதியும்

கற்ற கல்வியும் பெற்ற பயிற்சியும் ஒருவருக்கு வேலை தேடித் தரும் என்பது உண்மையே. எனினும், அவற்றை அளந்தறியும் பொருட்டு நேரில் அழைத்துப் பேசுவோர், வந்தவர் வாய் திறக்கும் முன்னரே அவருடைய தோற்றத்தைக் கண்டுவிடுகின்றனர். ‘ஆள் பாதி, ஆடை பாதி’ என்னும் பழமொழி இவ்வுலகியல்பை உணர்த்துவதாகும்.

1910ஆம் ஆண்டின் இறுதியில், நெல்லூர் மாவட்டக் கலெக்டராயிருந்த இராமச்சந்திர ராவைக் காண இளைஞர் ஒருவர் சென்றார். அவர் முகம் மழிக்கப்படவில்லை; உடையும் தூய்மையாயில்லை; கையில் நைந்துபோன குறிப்பேடு ஒன்று இருந்தது. கண்கள் மட்டும் ஒளி வீசின. வறுமையில் வாடிய அவ்விளைஞரே கணித மேதை சீனிவாச இராமானுசன். ராவ் கணிதத்தில் ஈடுபாடு மிக்கவர். ஆதலின், கோலத்தை விடுத்துக் குறிப்பேட்டைப் பார்த்தார். அதன் பெருமை முதல் நாளிலேயே அவருக்கு விளங்கிவிடவில்லை. ஆயினும் இளைஞரை மீண்டும் வரச் சொன்னார். சில சந்திப்புகளுக்குப் பின்னர், அவர் கவலையின்றி ஆராய்ச்சி செய்யுமாறு திங்கள்தோறும் பொருளுதவி புரிந்தார். 1912ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில், இராமானுசனுக்குச் சென்னைத் துறைமுகக் கழகத்தில் 30 ரூபாய் ஊதியத்தில் எழுத்தர் வேலை கிடைத்தது.

இந்நிகழ்ச்சியால், உடையைப் பற்றிக் கவலைப்பட வேண்டுவதில்லை என்று கருதுதல் பிழை. ராவைப் போல் பொறுமையோடு மீண்டும் மீண்டும் காண்போர் எல்லா இடத்தும் இரார். இந்நாளில் ஒரே நாளில் பலரைப் பார்க்கும் தேர்வாளருக்கு, ஒருவரோடு பேசக் கிடைப்பது சில நிமிடங்களே. அச்சிறு பொழுதில் கசங்கிய சட்டையும் அறுந்த பொத்தானும் அவர் கருத்தை ஈர்க்குமாயின், சொல்லும் நல்ல விடையும் செவியில் ஏறாது போகலாம்.

தக்க உடை என்பது விலையுயர்ந்த உடை அன்று. துவைத்துத் தேய்த்த பழஞ்சட்டை, அழுக்கேறிய பட்டினும் மேலானது. ஒரே ஒரு நல்லுடை உடையவர், முதல் நாளே அதனைத் துவைத்து உலர்த்தி, தையல் விட்ட இடத்தைத் தைத்து வைத்தல் வேண்டும். நகம் வெட்டுதல், தலை வாருதல், காலணியைத் துடைத்தல் ஆகியவற்றிற்குப் பொருட்செலவு மிகுதியில்லை. இரவல் வாங்கிய உடை அளவிற் பொருந்தாதாயின், அணிந்தவர் அதனை இழுத்துவிடுவதிலேயே கருத்தைச் செலுத்துவார். அன்றுதான் முதன்முதல் அணியும் புதுச் செருப்பும் காலைக் கடித்து வருத்தும்.

வேலையின் இயல்பையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். சுழலும் பொறிகளுக்கிடையே வேலை நாடிச் செல்பவருக்குத் தொங்கும் துணியும் அகன்ற கைகளும் ஆகா; அவை பொறியிற் சிக்கி உயிருக்கே கேடு விளைக்கும். நோயாளரைப் பேணும் பணிக்குத் தூய்மையே முதல் அணிகலன். ஆசிரியப் பணி நாடும் பெண்ணுக்குக் கரும்பலகையில் எழுதக் கை உயர்த்தும்போதும் இடையூறு செய்யாத எளிய சேலையே போதும்.

மேல்நாட்டு உடையே மதிப்புத் தரும் என்று மயங்குதலும் வேண்டா. வேட்டி முதலிய மரபுடை அணிந்தோரை அதன் காரணமாக உள்ளே விட மறுக்கலாகாது என, 2014ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் மன்றங்களுக்கும் பொதுவிடங்களுக்கும் சட்டம் இயற்றப்பட்டது. தேர்வாளரும் வறுமையை அழுக்கென்று கருதாது, உள்ளிருக்கும் அறிவைக் காண முயலுதல் கடமையாகும்.

உடை ஒருவருக்கு இல்லாத அறிவைத் தந்துவிடாது. உள்ள அறிவு வெளிப்படுவதற்குத் தடையாக நில்லாதிருந்தால் அதுவே போதும். தூய உடையோடு செல்பவர் தம்மைக் குறித்த நாணம் நீங்கி, நிமிர்ந்து அமர்ந்து, வினாவிலேயே மனத்தைச் செலுத்துவார். அங்ஙனம் செலுத்துவோர்க்கே தாம் கற்ற கல்வி வேண்டும் பொழுதில் கைகொடுக்கும்.