ஆடு மாடோடு வாழ ஆசையா? ஏற்காட்டுக்கு இப்படிப் போங்கள்

மழையில் நனைந்த நாய்க்குட்டியைத் தூக்கி வந்து வீட்டில் திட்டு வாங்கியவர்கள், அதே குணத்தில் துணையும் அமைந்து, ஐம்பது வயதை நெருங்கும்போது "மலையில் கொஞ்சம் நிலம் வாங்கி நாலு மாடு, பத்து ஆடு என்று இருந்துவிடலாமா?" என்று இரவில் பேசிக்கொள்கிறவர்கள் உண்டு. இந்தக் குறிப்புகள் அந்தத் தம்பதிகளுக்காக. ஏரியில் படகு, பகோடா முனை, லேடீஸ் சீட் எல்லாம் எந்தக் கையேட்டிலும் இருக்கும். ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலைக்கு நீங்கள் போக வேண்டிய காரணம் வேறு. அந்த வாழ்க்கை உங்கள் இருவருக்கும் ஒத்துவருமா என்று நிலம் வாங்கும் முன்பே நாலைந்து நாள் இருந்து பார்க்க, நம் பக்கத்தில் இதைவிடத் தோதான மலை குறைவு. மேலே காப்பித் தோட்டமும் காட்டெருமையும், கீழே இறங்கினால் தமிழ்நாட்டின் பேர்பெற்ற ஆட்டினங்கள்.

மே மாதம் போனால் கோடை விழாவும் மலர்க் கண்காட்சியும் நடக்கும். நாய்கள் கண்காட்சியும் உண்டு. நாய் வளர்ப்பவர்கள் ஒருமுறை பார்க்கலாம். ஆனால் அந்த நெரிசலில் மலையின் அன்றாடம் தெரியாது. அக்டோபர் கடைசியிலோ நவம்பரிலோ போங்கள். மழையும் பனிமூட்டமும் சேர்ந்த நாட்களில்தான் கொட்டகையின் லட்சணம் தெரியும்: தரை காய்கிறதா, ஈரத்தில் நிற்கும் மாட்டுக்குக் குளம்பு அழுகாமல் இருக்கிறதா, தட்டும் வைக்கோலும் பூசணம் பிடிக்காமல் எங்கே வைக்கிறார்கள் என்று. காப்பிப் பழம் பறிக்கும் வேலையும் அப்போதுதான் தொடங்கும்.

சேலத்திலிருந்து ஏற்காடு ஏறக்குறைய 30 கிலோமீட்டர். அடிவாரம் வழியாக ஏறினால் 20 கொண்டை ஊசி வளைவுகள். குப்பனூர் வழியாக இன்னொரு பாதை இருக்கிறது. ஏறும்போது ஒன்று, இறங்கும்போது மற்றொன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். அடிவாரப் பாதையில் குரங்குகள் வண்டியை மறிக்கும். விலங்கின் மேல் உயிரையே வைத்திருக்கும் நீங்களும் அங்கே ஒரு பிஸ்கட் கூடக் கொடுக்கக் கூடாது. தீனிக்காகச் சாலையோரம் உட்காரப் பழகிய குரங்கு வளைவில் வரும் வண்டிச் சக்கரத்தில்தான் முடிகிறது; குட்டியைச் சுமந்த தாயும் அப்படித்தான். மலையடிவாரத்தில் குரும்பப்பட்டி உயிரியல் பூங்கா இருக்கிறது. வார விடுமுறை எந்த நாள் என்று விசாரித்துவிட்டு, ஏறும் முன் இரண்டு மணி நேரம் ஒதுக்கலாம்.

தங்கும் இடத்தில்தான் இந்தப் பயணமே இருக்கிறது. நகரத்துக்குள் விடுதி வேண்டாம். காப்பித் தோட்டத்துக்குள் அறை வாடகைக்கு விடும் வீடுகள் நிறைய. போனில் கேட்கும்போது கட்டணத்துக்கு முன்னால் இதைக் கேளுங்கள்: உங்கள் வீட்டில் கறவை மாடு இருக்கிறதா, காலையில் யார் கறக்கிறார்கள், நாங்கள் கூட நிற்கலாமா? இருக்கிறது, நிற்கலாம் என்று பதில் வரும் வீட்டைப் பிடியுங்கள்.

விடியற்காலை ஐந்தரைக்குக் கொட்டகையில் இருங்கள். கறப்பவர் முதலில் சாணியை ஒதுக்கித் தரையைக் கழுவுவார். பிறகு கன்றை அவிழ்த்து விடுவார். அது தாயின் மடியை நாலு முட்டு முட்டும். சுரப்பு இறங்கியதும் கன்றைப் பிடித்துத் தாயின் முகத்தருகே கட்டிவிட்டு, மடியை வெந்நீரில் துடைத்து, விரலில் விளக்கெண்ணெய் தொட்டுக்கொண்டு உட்காருவார். முதல் இரண்டு பீச்சு தனியாகப் போகும். திரிதிரியாக வந்தால் மடிநோயின் தொடக்கம். நீங்கள் பக்கத்தில் நிற்பதைப் புதிய வாடையாக உணர்ந்தால் மாடு சுரப்பை அடக்கிக்கொள்ளும், ஆகவே சென்ட் பூசிக்கொண்டு போகாதீர்கள். சாயங்காலம் மறுபடி வாருங்கள். மறுநாளும் அதே நேரம். மூன்றாம் நாள் காலை குளிரில் போர்வையை விலக்க உங்களில் யாருக்கு மனசு வருகிறது, யாருக்கு வரவில்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஒருவருக்கு மட்டும் வந்தால் அந்த ஒருவரே பண்ணையை முழுக்கச் சுமக்க வேண்டியிருக்கும். அதை அங்கேயே உட்கார்ந்து பேசிவிடுவது நல்லது.

தோட்டத்துக்குள் நடக்கும்போது காட்டெருமையை நினைவில் வையுங்கள். சில்வர் ஓக் நிழலில், மிளகுக்கொடி ஏறிய மரங்களுக்கிடையே, ஒரு கறுப்புப் பாறை அசைகிறதே என்று பார்ப்பதற்குள் முழங்காலுக்குக் கீழே வெள்ளைக் காலுறை போட்டதுபோல் அது நிற்கும். வளர்ந்த ஆண் ஒரு டன் எடை வரை இருக்கும். மந்தையைவிடத் தனியாக நிற்கும் ஆணே ஆபத்து. பக்கவாட்டில் திரும்பித் தன் உடம்பைக் காட்டினாலோ, சீறி மூச்சு விட்டாலோ, தலையைத் தாழ்த்தினாலோ, முதுகு காட்டி ஓடாமல் மெல்லப் பின்வாங்குங்கள். இருட்டிய பின் தோட்டப் பாதையில் நடக்க வேண்டாம். உங்கள் நாயைக் கூட்டிப் போயிருந்தால் சங்கிலி கையைவிட்டுப் போகக் கூடாது. நாய் குரைத்துச் சீண்டிவிட்டு உங்கள் காலடிக்குத்தான் ஓடி வரும், பின்னாலேயே காட்டெருமையும் வரும்.

மாடு வளர்க்க நினைப்பவர் இதையும் சேர்த்து யோசிக்க வேண்டும். வீட்டு மாட்டின் கோமாரி, மேய்ச்சலில் காட்டெருமைக்கும் தொற்றும். உங்கள் கொட்டகைக்குத் தடுப்பூசி போடுவது அந்தக் காட்டுக்கும் செய்கிற காவல்.

ஒரு நாளை 32 கிலோமீட்டர் சுற்றுச்சாலைக்கு ஒதுக்குங்கள். ஏரியில் தொடங்கித் தோட்டங்களையும் மலையாளிப் பழங்குடியினரின் ஊர்களையும் தொட்டுத் திரும்பும் சாலை. இந்த மலையில் ஆடு மாடு வைத்துப் பிழைக்கும் வழியை அவர்களைவிட அறிந்தவர் இல்லை. கேமராவைப் பையில் வைத்துவிட்டு, "இந்த மழைக்கு என்னங்க தீனி போடுறீங்க?" என்று ஆரம்பித்தால் பேச்சு வளரும். மலையுச்சியில் குகைக்குள் இருக்கும் சேர்வராயன் கோயிலுக்கும் போய் வாருங்கள். அவர்களின் தெய்வம் அது.

மழை பெய்யும் நேரம் சாலையில் விரலளவு தடிமனில், வால் மழுங்கலாக ஒரு பாம்பு ஊர்ந்தால் வண்டியை நிறுத்துங்கள். கேடயவால் பாம்பாக இருக்கலாம். விஷமில்லை, மண்ணுக்குள் வாழ்ந்து மண்புழு தின்கிற பிராணி. இதில் ஒரு வகை சேர்வராயன் மலைக்கே உரியது, 1863-இல் ஆங்கிலேய இயற்கையியலாளர் பெடோம் விவரித்தது. ஜான் ஷார்ட் என்ற மருத்துவரின் பெயரை அதற்கு வைத்தார். சென்னை மாகாணத்தில் அம்மை குத்தும் துறையை நடத்திய ஷார்ட், பாம்பு விஷத்தை ஆராய்ந்தவர், இந்திய மாடுகளையும் செம்மறிகளையும் பற்றித் தனி நூலே எழுதியவர். வேலை முடிந்து அவர் வந்து சேர்ந்த இடம் ஏற்காடு. 1889-இல் காலமானதும் இங்கேதான். பிராணிகள் மேல் ஆசைப்பட்டு இந்த மலையைத் தேடி வருவதில் உங்களுக்கு முன்னோடி இருக்கிறார்.

அடுத்த கேள்வி, எந்தப் பிராணி? பசு என்றால் மலைக்கு ஹோல்ஸ்டீன் கலப்பினம், சமவெளிக்கு ஜெர்சி கலப்பினம் என்பதே கால்நடைத் துறை சொல்லும் பொது வழி. செம்மறி ஆசை இருந்தால் மலையை விட்டு இறங்குங்கள். சேலம் பக்கத்துச் செம்மறி இனமான மேச்சேரி ஆடு வறண்ட மண்ணின் பிள்ளை. மேலேயுள்ள ஈரமும் குடற்புழுவும் அதைப் படுத்திவிடும். மேச்சேரி பக்கம் பொட்டனேரியில் கால்நடைப் பல்கலைக்கழகத்தின் செம்மறி ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. முன்கூட்டியே பேசிவிட்டுப் போனால் வெளிர் பழுப்பு நிறத்தில், கம்பளி இல்லாமல் குட்டை மயிரோடு நிற்கும் அசல் இனத்தைப் பார்க்கலாம். வெள்ளாட்டில் சேலம் கருப்பு உயரமானது, திடமானது. ஆனால் காப்பி நாற்று இருக்கும் இடத்தில் வெள்ளாட்டை அவிழ்த்துவிட நினைக்காதீர்கள். சென்னையிலிருந்து ஆத்தூர் வழியாக வருபவர்களுக்கு வழியிலேயே தலைவாசல். 2021-இல் திறக்கப்பட்ட பெரிய கால்நடை ஆராய்ச்சி வளாகம் அங்கே இருக்கிறது.

வளர்ப்பது ஒரு பாதை. இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அனில் மல்ஹோத்ரா, பமேலா தம்பதி 1991-இல் குடகில், பிரம்மகிரி மலையோரம் 55 ஏக்கர் வாங்கினார்கள். அதில் பண்ணை வைக்கவில்லை, காட்டை வளரவிட்டார்கள். பக்கத்து நிலங்களையும் சேர்த்துச் சேர்த்து அது 300 ஏக்கர் அளவுக்குப் பெருகி, யானையும் புலியும் வந்துபோகும் 'சாய் சரணாலயம்' ஆனது. பமேலாவுக்கு நாரி சக்தி விருது கிடைத்தது. அனில் 2021-இல் மறைந்தார். கறவைக் கொட்டகையைவிட, தோட்டத்து ஓரத்தில் காட்டெருமை நின்ற அந்த நிமிஷம்தான் உங்கள் இருவரையும் தூங்கவிடவில்லை என்றால், உங்கள் பாதை அதுவாகவும் இருக்கலாம்.

நிலம் பார்க்கத் தோன்றினால் தரகரிடம் போவதற்கு முன் வட்டாட்சியர் அலுவலகத்துக்குப் போங்கள். நிபந்தனைப் பட்டா நிலத்தை விற்கவே முடியாத நிலை உண்டு. பழங்குடியினருக்கு அரசு ஒதுக்கிய மண்ணை வாங்க நினைப்பது முறையும் அல்ல. மரம் வெட்டவும் வீடு கட்டவும் மலைப்பகுதிக்குத் தனி விதிகள் இருக்கின்றன. அதோடு, கால்நடை மருந்தகம் அந்த இடத்திலிருந்து எவ்வளவு தூரம், நீங்கள் ஒரு கல்யாணத்துக்கு இரண்டு நாள் போனால் கறப்பதற்கு ஆள் யார் என்று விசாரியுங்கள். நடமாடும் கால்நடை ஊர்திக்கு அழைக்க வேண்டிய எண் 1962.

இறங்குவதை வெள்ளி மாலைக்கு வைத்துக்கொண்டால், சனி விடியலில் எடப்பாடி பக்கம் கொங்கணாபுரம் சனிச்சந்தைக்குப் போகலாம். வியாபாரி ஆட்டின் வாயைத் திறந்து பல் பார்ப்பதைக் கவனியுங்கள்: பால்பல் என்றால் ஒரு வயதுக்கு உள்ளே, முன்னால் இரண்டு பல் விழுந்து பெரிய பல் முளைத்திருந்தால் ஒரு வயது தாண்டியது. முதல் முறை வாங்க வேண்டாம். என்றாவது வாங்கி வந்தால் மூன்று வாரம் தனிப் பட்டியில் கட்டி, குடற்புழு மருந்து கொடுத்து, ஆட்டுக்கொல்லி நோய்த் தடுப்பூசி போட்ட பிறகே மற்ற ஆடுகளோடு விடுங்கள்.