மழைக்காலத்தில் டிரெய்லர் கடை: மூடுமுன் உலர்த்துவோம்

பொருட்காட்சி, திருவிழா, கடற்கரை என்று இழுத்துச் சென்று விற்பனை செய்யும் சிறு டிரெய்லர் கடையை நம்மில் சிலர் வைத்திருக்கிறோம். தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறக்குறையப் பாதி, அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையில்தான் பெய்கிறது. அப்போது வண்டியை ஓரங்கட்டி, தார்ப்பாய் போர்த்தி, கயிறு கட்டிவிட்டு வந்துவிடுகிறோம். பொங்கல் வியாபாரத்துக்குத் திறந்தால் பூசண வாடை வீசுகிறது, பிளைவுட் உப்பியிருக்கிறது, கீல்கள் துருப்பிடித்திருக்கின்றன. மழை ஒரு சொட்டும் உள்ளே போகவில்லையே, பின் எப்படி?

கெடுத்தது மழையன்று, நாமே உள்ளே வைத்து மூடிய ஈரம். பகலில் சூடேறும் காற்று, தரையிலிருந்து எழும் ஈரத்தையும் சேர்த்துக்கொள்கிறது. இரவில் தகடு குளிர்ந்ததும் அந்த ஈரம் துளித்துளியாக அதன்மேல் படிகிறது. குளிர்ந்த நீர் உள்ள செம்பு வெளியே வியர்ப்பது போலத்தான். பிளாஸ்டிக் தார்ப்பாய் மழையை உள்ளே விடாது. ஈரத்தை வெளியேயும் விடாது.

ஆகவே நாம் கவனிக்க வேண்டியவை:

1. மூடுமுன் வண்டியைக் கழுவி, கதவுகளைத் திறந்துவைத்து நல்ல வெயிலில் உலர்த்த வேண்டும். சரக்கு, அட்டைப்பெட்டி, சாக்கு எதையும் உள்ளே விடக்கூடாது. இவை ஈரத்தை இழுக்கும், எலியையும் அழைக்கும்.

2. தார்ப்பாய் வண்டியின் மேல் ஒட்டிக் கிடக்கக்கூடாது. மேலே மூங்கில் சட்டம் கட்டி, கூரைபோல் சரிவாகப் போர்த்தலாம். நீர் தேங்காது, அடியில் காற்றும் போய்வரும். பக்கங்களைத் தரைவரை இழுத்து மூட வேண்டாம்.

3. காற்றில் படபடக்கும் தார்ப்பாய் பெயிண்டைத் தேய்த்துவிடும். கூர்முனைகளில் பழந்துணி சுற்றிக் கயிற்றை இறுக்கிக் கட்ட வேண்டும். வெயிலில் இற்றுப்போன பழைய பாயை நம்பக்கூடாது.

4. வண்டியை மேட்டில் நிறுத்தி, அச்சின் அடியில் கட்டை கொடுத்து டயர்களின் பாரத்தைக் குறைக்கலாம். டயர்மேல் வெயில் படாமல் மறைக்க வேண்டும்.

5. பேட்டரியைக் கழற்றி வைத்து, மாதம் ஒருமுறை சார்ஜ் செய்ய வேண்டும். எரிவாயு சிலிண்டரை மூடிய வண்டிக்குள் ஒருபோதும் வைக்கக்கூடாது.

6. மழை ஓய்ந்து வெயில் அடிக்கும் நாளில் பாயை விலக்கி, கதவைத் திறந்துவிட வேண்டும். அப்போதே ஒழுகல், கரையான், எலி உண்டா என்றும் பார்த்துவிடலாம்.

வண்டி ஓடவில்லையே என்று காப்பீட்டுப் பாலிசியைப் புதுப்பிக்காமல் விடுவதும் தவறு. மரம் விழுவதும் வெள்ளம் புகுவதும் நிற்கும் வண்டிக்குத்தான் நேர்கின்றன. வெள்ளச் சேதத்துக்கும் பாலிசியில் பாதுகாப்பு உண்டா என்று படித்துப் பார்த்துக்கொள்வோம்.

கடையைப் பூட்டும்போது கல்லாவைச் சரிபார்க்காமல் யாரும் பூட்டுவதில்லை. வண்டிக்குப் பாய் போர்த்துமுன் ஈரத்தையும் அப்படிச் சரிபார்ப்போம். ஒருநாள் வெயிலுக்குச் சோம்பினால், தை மாத லாபம் தச்சருக்கும் பெயிண்டருக்கும் போய்ச் சேரும்.