வஸ்வாஸும் நான்கு நாள் சிகிச்சையும்

சிலர் ஒளுச் செய்ய உட்கார்ந்தால் அரைமணி நேரமாகியும் எழுவதில்லை. கை நனைந்ததா, நஜீஸ் தெறித்ததா என்று கழுவிக்கொண்டே இருப்பார்கள், ஜமாஅத்தும் தவறிவிடும். இது பேணுதல் அன்று. வஸ்வாஸ் இவ்வளவு முற்றினால் அது வைத்தியம் தேவைப்படும் நோய்.

நார்வே நாட்டின் பெர்கன் நகரில் கெர்ட் குவாலே, பியார்னே ஹான்சன் என்னும் மனநல நிபுணர்கள் இதற்கு 4 நாள் சிகிச்சை ஒன்றை வகுத்தனர். முதல் நாள் நோயின் போக்கு விளக்கப்படும். 2, 3ஆம் நாட்களில் நோயாளி தாம் அஞ்சும் பொருளைத் தொடுவார், தொட்டபின் கழுவமாட்டார். பதற்றத்தை விரட்டாமல் அதற்கு முகங்கொடுப்பார். ஆளுக்கொரு சிகிச்சையாளர் துணையிருப்பார். நான்காம் நாள், கற்றதைத் தொகுத்து, அடுத்த 3 வாரங்களுக்குத் தாமே செய்யவேண்டிய பயிற்சியைத் திட்டமிடுவார். கழுவாமலே பதற்றத்தைத் தாங்க முடியும் என்பதே இதில் மனம் கற்கும் பாடம்.

நமது மஸ்அலாவும் இதற்கு மாறானதன்று. உறுதியானதைச் சந்தேகம் நீக்காது என்பது ஃபிக்ஹின் அடிப்படை விதி. மும்முறை கழுவுவது சுன்னத்; அதற்கு மேல் மக்ரூஹ். ஒளு முடிந்தபின் எழும் சந்தேகத்தைப் பொருட்படுத்தவேண்டியதில்லை.

வீட்டாரே! "சுத்தமாகிவிட்டதா?" என்று அவர் கேட்கும்போதெல்லாம் "ஆம்" என்று சொல்லிக்கொண்டிருப்பது நோய்க்குத் தீனி போடுவதாகும். ஏளனமும் வேண்டாம். மார்க்கச் சட்டத்தை ஆலிமிடம் ஒருமுறை கேட்டு அதோடு நிறுத்துங்கள். நோய்க்கு மனநல வைத்தியரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

அல்லாஹ் நம் இபாதத்துகளை இலேசாக்கி வைப்பானாக! ஆமீன்.