கல்லாவில் செல்போன் நின்றுபோனால்…



மாதத்தின் முதல் ஞாயிறு. கடை நிறைய ஆட்கள். வாடிக்கையாக வரும் ஓர் அம்மா ரூ.1,840-க்கு மளிகை வாங்கிவிட்டு, நம் கியூ.ஆர். அட்டையைத் தம் போனில் படம்பிடித்துப் பணம் அனுப்பினார். அவர் போனில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. என் போனைப் பார்த்தால் திரை அப்படியே நின்றுவிட்டது. தொட்டாலும் தட்டினாலும் அசையவில்லை. பின்னால் பத்துப் பேர் காத்து நிற்கிறார்கள். "எனக்கு வரவில்லை அம்மா, இன்னொரு தடவை போடுங்கள்" என்றேன். அவரும் போட்டார். அந்த முறை அவர் போனிலேயே 'வெற்றி' என்று வந்தது. சாமானைக் கொடுத்து அனுப்பினேன்.

இரவு கணக்குப் பார்த்தபோது ரூ.1,840 இரண்டு முறை வரவாகியிருந்தது. அவர் வீடு எனக்குத் தெரியாது. நான்கு நாள் கழித்து, வேறு கடைப் பையோடு தெருவில் போனவரை நானே நிறுத்திப் பணத்தைக் கொடுத்தேன். "தெரிஞ்சும் வெச்சுக்கிட்டீங்கன்னுதான் நெனச்சேன்" என்றார். பல வருட வாடிக்கை. போன் நின்றது என் குற்றமல்ல. நின்றால் என்ன செய்வது என்று தெரியாமல் இருந்தது என் குற்றம்தான். மற்றவர்களுக்கு அந்த நிலை வரக்கூடாது என்பதற்காகவே இந்தப் பாடம்.

பணம் போனுக்குள் இல்லை

யு.பி.ஐ. முறை 2016-இல் வந்தது. இதில் வாங்குபவரின் வங்கியிலிருந்து நம் வங்கிக்குப் பணம் நேரே போகிறது. நம் போன் வரவைக் காட்டும் சாளரம் மட்டுமே. அது அணைந்து கிடந்தாலும் பணம் கணக்கில் ஏறும். ஆகவே நின்றுபோன போனை அணைப்பதால் ஒரு ரூபாய்கூடக் குறையாது.

வாங்குபவர் போனில் 'வெற்றி' என்று வந்தால், அந்தப் பக்கத்தில் 12 இலக்க எண் ஒன்று இருக்கும். அதையும் தொகையையும் நேரத்தையும் நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். தெரிந்த முகமானால் சரக்கைக் கொடுக்கலாம். புது முகமானால் நம் போன் எழும்வரை இரண்டு மூன்று நிமிடம் உட்காரச் சொல்லுங்கள். பொய்த் திரையைக் காட்டி ஏமாற்றுவோரும் உண்டு. வரவைச் சத்தமாகச் சொல்லும் பெட்டி கடையில் இருந்தால் கவலை குறைவு. அதற்குத் தனி சிம் உண்டு. போன் நின்றாலும் அது பேசும்.

வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தால் மறுபடி அனுப்பச் சொல்லாதீர்கள். ரொக்கம் வாங்குங்கள், அல்லது பெயரும் போன் எண்ணும் எழுதிப் பற்று வையுங்கள். அவர் கணக்கில் பணம் கழிந்து, கடைக்கு உறுதி வராமல் போனால், ஐந்து நாளுக்குள் அது தானாகத் திரும்ப வேண்டும் என்பது 2019-இல் ரிசர்வ் வங்கி வகுத்த விதி. தாமதித்தால் நாளொன்றுக்கு ரூ.100 அவருக்குச் சேர வேண்டும். இதை வாடிக்கையாளருக்கு எடுத்துச் சொன்னால் பாதிச் சண்டை தீரும்.

நிற்பது எதனால்?

போனுக்குள் இரண்டு இடங்கள் உண்டு. ஒன்று, நாம் கல்லாவில் வைத்துக் கணக்குப் போடும் சிலேட்டுப் போன்றது. அந்த நேரத்து வேலை எல்லாம் அதில் நடக்கும். மற்றொன்று பேரேடு. படங்கள், எண்கள், பதிவான பில்கள் அதில் இருக்கும். சிலேட்டில் கிறுக்கல் நிறைந்து இடமில்லாமல் போகும்போதோ, ஒரு செயலி சிக்கிக்கொள்ளும்போதோ போன் நிற்கிறது. அணைத்து எழுப்புவது சிலேட்டை அழிப்பது மட்டுமே. பேரேட்டில் கை வைப்பதில்லை. பதிவு செய்யாமல் பாதியில் தட்டச்சிட்ட பில் மட்டும் போகலாம்.

செய்யவேண்டிய முறை

1. முதலில் விரலையும் திரையையும் துடையுங்கள். எண்ணெய், மாவு, ஈரம் பட்டால் திரை தொடுதலை ஏற்காது. சார்ஜர் ஒயரையும் கழற்றிப் பாருங்கள். மட்டமான சார்ஜராலும் திரை தாறுமாறாக நடக்கும்.

2. வேறு போனிலிருந்து உங்கள் எண்ணை அழையுங்கள். மணி அடித்தால் போன் முழுவதும் சாகவில்லை. ஒரு நிமிடம் பொறுங்கள்.

3. அப்படியும் அசையவில்லை என்றால் பவர் பொத்தானை விடாமல் அழுத்துங்கள். பல ஆண்ட்ராய்டு போன்களில் 10 முதல் 30 விநாடி பிடிக்கும். ஐந்து விநாடியில் கையை எடுத்துவிட்டு 'கெட்டுவிட்டது' என்று முடிவு கட்டுவதே பலரும் செய்யும் தவறு.

4. சாம்சங் போன்களில் சத்தம் குறைக்கும் பொத்தானையும் பக்கவாட்டுப் பொத்தானையும் சேர்த்து 7 விநாடிக்கு மேல் அழுத்த வேண்டும். வேறு சில கம்பெனிகளில் பவரோடு சத்தம் கூட்டும் பொத்தான். உங்கள் போனுக்கு எது என்று இன்றே கேட்டு வையுங்கள்.

5. ஐபோன் 8-உம் அதற்குப் பிந்தியவையும்: சத்தம் கூட்டும் பொத்தானைத் தட்டி விடுங்கள். குறைப்பதைத் தட்டி விடுங்கள். பிறகு ஆப்பிள் சின்னம் வரும்வரை பக்கவாட்டுப் பொத்தானை அழுத்தியே இருங்கள்.

6. எதற்கும் எழாவிட்டால் அரை மணி நேரம் சார்ஜில் போட்டு மறுபடி முயலுங்கள். பின்பக்கம் உப்பியிருந்தால் மட்டும் சார்ஜ் போடாதீர்கள். பேட்டரி வீங்கியிருக்கிறது; தீப்பிடிக்கும் அபாயம் உண்டு. நேரே பழுது பார்ப்பவரிடம் கொண்டுபோங்கள்.

முன்பெல்லாம் மூடியைத் திறந்து பேட்டரியைக் கழற்றி மாட்டினால் முடிந்தது. இப்போதைய பெரும்பாலான போன்களில் பேட்டரி உள்ளே ஒட்டப்பட்டிருக்கிறது. கத்தி வைத்து நெம்ப வேண்டாம்.

இரண்டு எச்சரிக்கைகள்

பொத்தான்களைச் சேர்த்து அழுத்தும்போது, கறுப்புத் திரையில் ஆங்கில வரிகள் சில வரக்கூடும். பயப்பட வேண்டாம். 'ரீபூட் சிஸ்டம் நவ்' என்ற வரிதான் நமக்கு வேண்டியது. சத்தப் பொத்தானால் அந்த வரிக்கு நகர்ந்து பவர் பொத்தானை அழுத்துங்கள். 'வைப் டேட்டா' அல்லது 'ஃபேக்டரி ரீசெட்' என்ற வரியைத் தொடவே கூடாது. அது சிலேட்டோடு பேரேட்டையும் கொளுத்துவது போன்றது. பற்றுக் கணக்கைப் போனில் வைத்திருப்பவருக்கு அதன் பொருள் சொல்லவேண்டியதில்லை.

அடுத்தது, போன் எழுந்ததும் கைரேகையை ஏற்காது. முதல் முறை எண் பூட்டையோ கோட்டுப் பூட்டையோ போட்டுத்தான் திறக்க வேண்டும். முதலாளி கொள்முதலுக்குப் போன நேரத்தில் கடைப்பையன் விழிப்பது இங்கேதான். ஆகவே வீட்டில் நம்பிக்கையான ஒருவருக்குத் திறக்கும் எண் தெரிந்திருக்கட்டும். பணம் அனுப்பும் யு.பி.ஐ. பின் எண் மட்டும் யாருக்கும் வேண்டாம். வரவைப் பார்க்க அது தேவையே இல்லை.

வராமல் காக்க

வாரம் ஒரு முறை, கடை சாத்தும்போது போனை முறையாக அணைத்து எழுப்புங்கள். கொள்ளளவில் பத்தில் ஒரு பங்காவது காலியாக இருக்கட்டும். உறவினர் அனுப்பும் காலை வணக்கப் படங்களே பாதி இடத்தை அடைத்துக்கொள்கின்றன. அழியுங்கள், யாரும் கோபிக்கப் போவதில்லை. கல்லாமேல் வெயில் விழும் இடத்தில் போனை வைக்காதீர்கள். சூடு ஏறினால் எந்தப் போனும் தளரும்.

இன்றே செய்க

உங்கள் போனுக்குரிய பொத்தான் முறையை அட்டையில் எழுதிக் கல்லாப் பெட்டி மூடியின் உட்புறம் ஒட்டுங்கள். பக்கத்தில் ஒரு நோட்டும் பேனாவும் நூலில் கட்டி வையுங்கள். கூட்டம் இல்லாத பிற்பகலில் ஒருமுறை செய்து பழகுங்கள். கடைப்பையனையும் செய்யச் சொல்லுங்கள். அடுத்த முறை திரை நின்றால், "இரண்டே நிமிடம் பொறுங்கள், பார்த்துச் சொல்கிறேன்" என்று நிதானமாகச் சொல்ல முடியும். அன்று எனக்கு அந்த இரண்டு நிமிடப் பொறுமை இருந்திருந்தால், அந்த அம்மா இன்றும் நம் கடைக்கே வந்துகொண்டிருப்பார்.