சாண்டா ஃபே ஆளுநர் மாளிகைக்குப் போகிறவர்களுக்கு

அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில், 1610 வாக்கில் ஸ்பானியர்கள் எழுப்பிய ஆளுநர் மாளிகை இது. 1909 முதல் அருங்காட்சியகம். பளிங்குத் தூண்களைத் தேடாதீர்கள். வெயிலில் காய வைத்த மண்கற்களால் கட்டிய, மாடியில்லாத நீண்ட வீடுதான். சுவர்களின் கனத்தைக் கவனியுங்கள், ஆனால் கை வைக்காதீர்கள்.

ஊர் சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, காற்றும் வறண்டது. தண்ணீர் குடித்துக்கொண்டே நிதானமாக நடங்கள்.

1680இல் பியூப்லோ பூர்வகுடிகள் கிளர்ந்தெழுந்து ஸ்பானியரை விரட்டி, 12 ஆண்டுகள் இவ்வூரைத் தம் வசம் வைத்திருந்தார்கள். அந்த வரலாற்றைக் கொஞ்சம் படித்துவிட்டுப் போனால் அறைகள் வேறாகத் தெரியும். ஆளுநராக இருந்த லூ வாலஸ் 'பென்-ஹர்' நாவலை முடித்ததும் இங்கேதான்.

முன் தாழ்வாரத்தை அவசரமாகக் கடக்காதீர்கள். எனக்கு உள்ளே இருப்பவற்றைவிட அதுவே முக்கியம். பூர்வகுடிக் கலைஞர்கள் தாங்களோ குடும்பத்தாரோ செய்த வெள்ளி, நீலப்பச்சைக் கல் நகைகளைத் தரையில் விரித்து அமர்ந்திருப்பார்கள். குனிந்து பாருங்கள், செய்தவரின் முத்திரை எங்கே என்று கேளுங்கள். அடாவடியாகப் பேரம் பேச வேண்டாம், சொல்லும் விலை கைவேலைக்கான கூலி. படமெடுக்குமுன் அனுமதி கேளுங்கள்.

விடுமுறை நாளை முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள்.