இவருக்குப் பதில் இவர்: சீரியல் தவறுகளில் ஒளிந்திருக்கும் பாடம்

சீரியலைக் கிண்டல் பண்றது நம்ம எல்லாருக்கும் பிடிச்ச வேலை. "போன ஷாட்ல கப்பு வலது கையில இருந்துச்சு, இப்ப இடது கையில இருக்கு", "நேத்து மாமனாரா இருந்தவர் இன்னைக்கு வேற ஆளு" என்று ஹாஸ்டல் அறையில் ஒருத்தர் ஆரம்பித்தால் போதும், ஒரு மணி நேரம் ஓடிவிடும். அந்தத் தவறு ஏன் வந்தது என்று கேட்டுப் பாருங்க. ஒரு மிஷின் ஏன் நின்றது என்று தேடுவது போலத்தான் இதுவும். கல்சுரல்ஸுக்கு குறும்படம் எடுக்கப் போகிறவர்களுக்கு இது நேரடியாகவே உதவும்.

முதலில் அடிப்படை. கதை ஓடும் வரிசையில் யாரும் ஷூட்டிங் எடுப்பதில்லை. ஒரு வீடு ஒரு நாள் வாடகைக்குக் கிடைத்தால், அந்த வீட்டின் ஹாலில் நடக்கும் காட்சிகள் எல்லாம், அவை எந்த எபிசோடில் வந்தாலும், அன்றைக்கே எடுக்கப்படும். நடிகரின் கால்ஷீட், வெளிச்சம், வாடகை மூன்றும் சேர்ந்துதான் வரிசையை முடிவு செய்யும். கதாநாயகி வாசலில் செருப்பைக் கழற்றி உள்ளே வருகிறாள் என்றால், வாசல் ஒரு ஊரிலும் ஹால் இன்னொரு ஊரிலும் இருக்கலாம். கதையில் ஒரு நொடி. ஷூட்டிங்கில் மூன்று வாரம். அந்த மூன்று வாரத்தை பார்ப்பவர் கண்ணுக்குத் தெரியாமல் மறைப்பதுதான் கன்டினியூட்டி. மறைக்க முடியாத இடத்தில் தவறு வெளியே வருகிறது. அந்தத் தவறுகளை நான்கு வகையாகப் பிரிக்கலாம்.

1. காட்சிக்குள் வரும் தவறு

கப்பு கை மாறுவது, தலைமுடி முன்னால் இருந்து பின்னால் போவது எல்லாம் இந்த வகை. 1951ல் தொடங்கிய 'ஐ லவ் லூசி' என்ற அமெரிக்க காமெடித் தொடர், பார்வையாளர்களை எதிரில் உட்கார வைத்து, ஒரே நேரத்தில் மூன்று ஃபிலிம் கேமராக்களை ஓடவிட்டது. 'ஃப்ரெண்ட்ஸ்' வரைக்கும் வந்தது அந்த வழிதான். பல கேமராக்கள் ஒன்றாக ஓடினால் ஒரு டேக்குக்குள் தவறு வராது. எல்லாக் கோணத்திலும் கப்பு ஒரே கையில்தான் இருக்கும். ஆனால் ஒரு காட்சியை மூன்று நான்கு டேக் எடுப்பார்கள். இரண்டாவது டேக்கில் ஒருவர் வசனம் அருமை, நான்காவது டேக்கில் இன்னொருவர் முகபாவம் அருமை என்றால், எடிட்டர் இரண்டையும் ஒட்டுவார். தவறு பிறப்பது அந்த ஒட்டில்.

ஒரே கேமராவில் எடுக்கும்போது இந்தச் சிக்கல் இன்னும் பெரிது. ஒவ்வொரு கோணமும் தனி டேக், அதனால் ஒவ்வொரு வெட்டும் ஒரு ஒட்டு. உங்கள் குறும்படம் இந்த ரகம்தான்.

எடிட்டருக்கு அந்தக் கப்பு தெரியாதா? பெரும்பாலும் தெரியும். 'காட்ஃபாதர்' தொடர்பான படங்களில் வேலை செய்த எடிட்டர் வால்டர் மர்ச், ஒரு வெட்டை எங்கே போடுவது என்பதற்கு ஆறு அளவுகோல் சொல்லி ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண்ணும் கொடுத்திருக்கிறார். உணர்ச்சிக்கு 51 சதவீதம், கதைக்கு 23. ஆட்களும் பொருட்களும் இருக்கும் இடம் சரியாகப் பொருந்துகிறதா என்பதற்கு வெறும் 4. அதாவது நாம் பிடித்துக் கிண்டல் செய்வது, பல நேரம் அவர் தெரிந்தே விட்டுக்கொடுத்த அந்த 4 சதவீதத்தைத்தான்.

2. எழுத்தில் வரும் தவறு

'ஃப்ரெண்ட்ஸ்' 1994 முதல் 2004 வரை 10 சீசன், 236 எபிசோடு ஓடியது. ஆரம்ப எபிசோடுகளில் மோனிகா வீட்டுக் கதவில் எண் 5. பிறகு அது 20 ஆகிவிடும். எதிர்வீடு 4ல் இருந்து 19க்குப் போகும். உயரமான மாடியில் இருக்கும் வீட்டுக்கு சின்ன எண் பொருந்தாது என்று பிறகு உணர்ந்து மாற்றியது அது. முதல் எபிசோடில் ரேச்சலுக்கு சாண்ட்லரை புதிதாக அறிமுகம் செய்வார்கள். பின்னால் வரும் ஃப்ளாஷ்பேக்கில் இருவரும் கல்லூரிக் காலத்திலேயே சந்தித்திருப்பார்கள். ராஸுக்கு மூன்று சீசனாக 29 வயதே முடியவில்லை என்பது ரசிகர்களின் நிரந்தர ஜோக்.

காரணம் சோம்பல் இல்லீங்க. எழுதியது ஒருவர் அல்ல, பலர். அதுவும் பத்து வருஷம். அதைவிட முக்கியமானது, அந்தத் தொடர் எந்தப் பயன்பாட்டுக்காகச் செய்யப்பட்டது என்பது. வாரம் ஒரு எபிசோடு, பார்த்தால் பார்த்ததுதான். முதல் சீசனில் சொன்னதை ஐந்தாவது சீசனில் யார் ஞாபகம் வைத்திருப்பார்? நாமோ ஒரே ராத்திரியில் பத்து எபிசோடு பார்க்கிறோம், நிறுத்தி ஸ்க்ரீன்ஷாட் எடுக்கிறோம். சைக்கிளுக்காகப் போட்ட பாலத்தில் கரும்பு லாரியை ஓட்டிவிட்டு, பாலம் ஆடுகிறது என்று சொல்வது போல.

நம்ம கிரேசி மோகன் இதற்கு ஒரு எளிய வழி வைத்திருந்தார். அவர் நாடகங்களில் மாது, சீனு, ஜானகி என்ற பெயர்கள் திரும்பத் திரும்ப வரும். பெயர் பழகியது, கதை புதியது. போன நாடகத்தில் மாது என்ன வேலை பார்த்தான் என்று யாரும் கணக்குக் கேட்க முடியாது.

3. ஃப்ரேமின் ஓரத்தில் வரும் தவறு

இது சுத்தமான ஜியோமெட்ரி. பழைய டிவி 4:3. அதாவது அகலம் உயரத்தைப் போல 1.33 மடங்கு. இன்றைய திரை 16:9, அதாவது 1.78 மடங்கு. உயரத்தை அப்படியே வைத்தால் அகலம் மூன்றில் ஒரு பங்கு கூடுகிறது. 'ஃப்ரெண்ட்ஸ்' 35 எம்.எம். ஃபிலிமில் எடுக்கப்பட்டதால், பழைய டிவியில் தெரியாத ஓரப் பகுதியும் நெகட்டிவில் பதிவாகியிருந்தது. பிற்பாடு எச்.டி. வடிவம் தயாரித்தபோது அந்த ஓரத்தைத் திறந்தார்கள். சில காட்சிகளில் நடிகருக்குப் பதிலாக நிற்க வைத்த ஆள் அப்படியே தெரிந்தார். எடுத்த நாளில் அது தவறே இல்லை; திரை அகலமானதும் தவறாகிவிட்டது.

உங்களுக்கும் இது வரும். யூடியூபுக்கு அகலமாக எடுத்ததை ரீல்ஸுக்கு நிமிர்த்தி வெட்டும்போது, வசனம் பேசுகிறவரே ஃப்ரேமுக்கு வெளியே போய்விடுவார்.

4. ஆளே மாறுவது

இதில் தமிழ் டிவிக்குத் தனி மரபு உண்டு. புது நடிகர் முதலில் வரும்போது 'இவருக்குப் பதில் இவர்' என்று ஒரு எழுத்து. அவ்வளவுதான், கதை தொடரும். அமெரிக்காவின் பழைய காமெடித் தொடரான 'பிவிட்ச்ட்' அந்த மரியாதையைக்கூடச் செய்யவில்லை. கணவராக நடித்த டிக் யார்க் முதுகு வலியால் 1969ல் விலக, டிக் சார்ஜென்ட் வந்தார். ஒரு வார்த்தை விளக்கம் இல்லை, மனைவியும் கண்டுகொள்ளவில்லை.

கே. பாலசந்தரின் மின்பிம்பங்கள் தயாரித்து நாகா இயக்கிய 'ரமணி வெர்சஸ் ரமணி' வேறு வழியில் போனது. கணவன் பெயரும் ரமணி, மனைவி பெயரும் ரமணி. முதல் பாகத்தில் ராம்ஜியும் வாசுகியும். இரண்டாம் பாகத்தில் பப்லு பிருத்விராஜும் தேவதர்ஷினியும். ஜோடியையே மொத்தமாக மாற்றியதால், ஒரு பக்கம் மட்டும் ஒட்டுப்போட்டது போன்ற உறுத்தல் இல்லை. பெயரும், கேமராவைப் பார்த்து நம்மிடம் பேசும் பழக்கமும் தொடர்ந்தன. தொடரின் அடையாளம் அதில்தான் இருந்தது.

ஆள் மாறினால் உண்மையிலேயே தெரியுமா? டேனியல் லெவின், டேனியல் சைமன்ஸ் என்ற ஆய்வாளர்கள் 1997ல் இதைச் சோதித்தார்கள். மேஜையில் உட்கார்ந்திருப்பவர் போன் மணி கேட்டு எழுந்து போகிறார்; அடுத்த ஷாட்டில் போனை எடுப்பது வேறு நடிகர். பார்த்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு பேர் கவனிக்கவே இல்லை. 'போன் எடுக்கப் போகிறார்' என்ற செயலைத்தான் மூளை பிடித்துக்கொண்டது, முகத்தை அல்ல. ஆனால் அது புது முகம். தினமும் வீட்டுக்குள் வரும் முகம் மாறினால் தெரியும், வலிக்கவும் செய்யும்.

'எதிர்நீச்சல்' தொடரில் ஆதி குணசேகரனாக வந்த மாரிமுத்து 2023 செப்டம்பர் 8 அன்று இறந்தார். அன்று காலையில்கூட டப்பிங் பேசிக்கொண்டிருந்தார். பின்னர் அந்த வேடத்துக்கு வேல ராமமூர்த்தி வந்தார். தொடரை நிறுத்தினால் லைட் தூக்குபவரில் இருந்து சமையல்காரர் வரை எத்தனை பேருக்கு வேலை போகும் என்று யோசித்தால், அந்த ஒரு வரி எழுத்தைப் பார்த்து அவ்வளவு சுலபமாகச் சிரிக்க வராது.

சரி, உங்கள் படத்துக்கு வருவோம்

சேத்தியாத்தோப்பு பக்கம் பத்து நிமிஷப் படம் ஒன்று, வார இறுதிகளில் மட்டும் ஷூட்டிங் என்று வைத்துக்கொள்ளுங்க. காட்சியில் உள்ள எல்லாவற்றையும் இரண்டு பட்டியலாகப் பிரியுங்க: திருப்பி வைக்க முடிந்தவை, முடியாதவை.

கப்பு, சட்டை, மேஜை மேல் இருக்கும் பேப்பர் எல்லாம் திருப்பி வைக்கக்கூடியவை. 'கட்' சொன்னதும் யாரும் அசையாமல் ஒரு போட்டோ. அடுத்த டேக்குக்கு முன் அதைப் பார்த்துச் சரிசெய்தால் போதும். ஆனால் இதை ஒரே ஒருவர் மட்டும் செய்ய வேண்டும். "எல்லாரும் பாத்துக்குவோம்" என்றால் யாரும் பார்க்க மாட்டார்கள். காட்சி எண், ஷாட் எண், உடை, கையில் இருந்த பொருள், எந்தக் கையில் என்று ஒரு நோட்டில் அவர் எழுதட்டும்.

திருப்பி வைக்க முடியாதவைதான் ஆபத்து. டிசம்பரில் பச்சையாக நிற்கும் சம்பா நெல், பொங்கலுக்குப் பிறகு அறுவடையாகித் தரிசாகக் கிடக்கும். மழைக்காலத்தில் வெள்ளாற்று அணைக்கட்டில் பார்த்த தண்ணீர் கோடையில் இருக்காது. சர்க்கரை ஆலை அரவை நடக்கும்போது பின்னால் போகும் கரும்பு டிராக்டர்கள், அரவை முடிந்தால் காணாமல் போகும். சிதம்பரம் போகும் பஸ் திரும்பி வரும்போது போர்டு விருத்தாசலம் என்று மாறியிருக்கும். ஹீரோவின் தாடி, இன்டர்வியூவுக்கு முந்தின நாள் போயே போய்விடும்.

அதனால் வெளிப்புறக் காட்சிகளை முதலில், ஒரே வார இறுதியில் முடியுங்க. அறைக்குள் நடப்பவை காத்திருக்கும். இறுதியாண்டு மாணவரை ஹீரோவாகப் போட்டிருந்தால், இன்டர்ன்ஷிப் தேதியைக் கேட்டு அவர் காட்சிகளை அதற்கு முன்னால் தள்ளுங்க. அப்படியும் நடுவில் போய்விட்டால் பயப்படாதீங்க. புது ஆளைப் போட்டு, 'இவருக்குப் பதில் இவர்' என்று நேர்மையாக ஒரு எழுத்து போடுங்க. பார்க்கிறவர்களுக்கு அது பழக்கமான பாஷைதான். டைட்டிலில் மட்டும் பழைய ஆளின் பெயரையும் விட்டுவிடாதீங்க.